ஊர் எல்லையில் ஒரு தகரப்பெட்டி

தெருக்குழாயில் குடம் வைத்துச் சண்டை போட்டு வளர்ந்த மதுரைக்காரி நான். மழை பெய்யாவிட்டால் கட்டிய புருஷனே கடல் தாண்டிப் போய்விடுவான் என்பது எழுமலைப் பக்கம் வாக்கப்பட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த வருஷம் ஆடியும் பொய்த்தது, புரட்டாசியும் பொய்த்தது. கண்மாய்க்குள் ஆடு மேய்ந்தது. கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. என் வீட்டுக்காரர் சந்தையில் ஒரு தகரப்பெட்டி வாங்கி வந்தார். "ஐப்பசிக்குள்ள கண்மாய்க்குத் தண்ணி வரலேன்னா, கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருவேன்" என்றார். நான் அப்போது முழுகாமல் இருந்தேன். கண்டிக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் நாத்தனார் வந்து, "மதினி, நாளைக்குப் பொம்பளைக எல்லாரும் ஊர விட்டுப் போறோம், தயாரா இருங்க" என்றாள். எனக்கு உயிர் வந்தது. ஊரே போகிறதென்றால் இவர் மட்டும் தனியாகக் கப்பலேறுவாரா? அரிவாள்மனையிலிருந்து அஞ்சறைப்பெட்டி வரை மூட்டை கட்டினேன். அவருடைய தகரப்பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டேன்.

வீடு வீடாக வாங்கிய கூழை உப்பில்லாமல் குடித்தோம். பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். பிறகு ஊர் எல்லைக்கு நடந்தோம். மற்றவர்கள் கையில் கிழிந்த பாயும் ஓட்டைப் பானையும்தான் இருந்தன. என் மூட்டையைப் பார்த்துச் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஏன் என்று புரியவில்லை.

எல்லையில் ஆண்கள் ஓடிவந்து மறித்தார்கள். "போகாதீங்க ஆத்தா, மழை வந்துரும், திரும்புங்க!" என்றார்கள். அவ்வளவுதான், எல்லோரும் திரும்பிவிட்டார்கள். மழை கேட்கும் சடங்காம்! அழுத கண்ணோடு சிரிக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

நான் மட்டும் நின்றேன். "இவரு கண்டிக்குப் போகலேன்னு சொல்லட்டும், அப்பத்தான் வாரேன்."

அவர் முகம் கறுத்துவிட்டது. கூட வந்த ஊர்ப் பெரியவர்தான் வழி செய்தார். "மாப்ள, பொண்டாட்டியப் போகாதேன்னு கூப்பிட்டுட்டு நீ போனா சாமி சிரிக்குமப்பா. சொல்லிரு."

"தண்ணி வந்தா போகல" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு நான் வானத்தைப் பார்க்காத நேரம் கிடையாது. மழை வரும்வரை வீட்டுக் கூழிலும் உப்புப் போடவில்லை. கடைசியில் மழை பெய்தது எங்கள் ஊரில் அல்ல, மேற்கே மலையில். ஓடை நிறையச் செந்தண்ணீர் சருகும் நுரையுமாகக் கண்மாய்க்குள் இறங்கியது. ஊரே கரையில் நின்று கத்தியது. மத்தியானம் எங்கள் தலைக்கு மேலும் கொட்டத் தொடங்கியது.

கப்பலேறப் போகிறவர் கூரை வேயாமல் விட்டிருந்ததால், வீட்டுக்குள் கண்ட இடமெல்லாம் ஒழுகியது. சட்டியும் செம்பும் வைத்துப் போதவில்லை. அவர் தகரப்பெட்டியைத் திறந்தார். வேட்டி சட்டைகளை எடுத்துக் கொடியில் போட்டார். காலிப் பெட்டியைக் கொண்டுபோய் ஒழுக்குக்கு அடியில் வைத்தார்.

தகரத்தில் சொட்டுச் சொட்டாக விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து நிம்மதியாக அழுதேன்.

"இன்னைக்காவது கூழுல உப்பப் போடு" என்றார் அவர்.