குடை பிடித்த கைக்குச் சீனி இல்லை

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம், என் கணவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அன்றைய நடையை நடந்து முடித்தார்.

நம்புங்கள், என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அவர் கையில் கட்டியிருந்த வாட்ச் 'விர்ர்' என்று அதிர்ந்தது. அதன் முகத்தில் இருந்த பச்சை வட்டம் முழுதாகப் பூர்த்தியாகி, கலர் கலராகப் பூச்சொரிந்தது. 'அருமை! இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள்!' என்று வாழ்த்து வேறு. வாழ்த்தப்பட்டவரின் கால்களோ ஸ்டூலின் குறுக்குக் கட்டையில் சொகுசாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன.

காலையிலிருந்து பள்ளிக்கூட மாடிப்படிகளை ஏறி இறங்கி, கண்டி மார்க்கெட்டையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து அவர் முன்னால் நின்ற என் கையிலும் அதே வாட்ச். அதே வட்டம். பாதிகூட நிறையவில்லை!

இது என்ன நியாயம்? இருங்கள், ஆரம்பத்திலிருந்து வருகிறேன்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் எங்கள் இருவருக்கும் இரத்தப் பரிசோதனை செய்தோம். இரண்டு பேருக்குமே சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் டொக்டர். "இப்போதைக்கு மருந்து வேண்டாம். நடந்தாலே போதும்" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். நல்ல மனிதர்.

ஆனால் எங்கள் மகள் நிவேதா அவ்வளவு நல்லவள் இல்லை. கொழும்பில் வேலை செய்கிறாள். ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பியதும் வீடியோ கோலில் வந்து தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"ரெண்டு பேரும் நடையை எண்ணுற வாட்ச் வாங்கிக் கட்டுங்க. வட்டத்தை யார் நெறைக்கிறீங்களோ, அவங்களுக்கு மட்டும் பின்னேரத் தேத்தண்ணியில ஒரு கரண்டி சீனி. நெறைக்காதவங்களுக்கு வெறும் தேத்தண்ணி. என் போன்ல எல்லாம் தெரியும், ஏமாத்த ஏலாது!"

மலையகத்தில் பிறந்தவளிடம் தேத்தண்ணியில் கை வைக்கலாமா? மற்ற நேரமெல்லாம் நான் ஏற்கெனவே சீனியை விட்டுவிட்டவள். வீடு வந்து சேர்ந்து, கால் கழுவி, கதிரையில் சாய்ந்து குடிக்கும் அந்த ஒரே ஒரு கோப்பைதான் மிச்சம். அந்த ஒரு கரண்டியை நினைத்துத்தான் பகல் முழுவதும் எட்டாம் வகுப்பைப் பொறுத்துக்கொள்கிறேன். அதற்கும் பரீட்சையா?

சரி, வாட்ச் வாங்கப் போனோம்.

டவுனில் ரிஸ்வானின் போன் கடை இருக்கிறது. ஒரு காலத்தில் என்னிடம் தமிழ் படித்தவர். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். என் கணவரின் புடவைக் கடைக்கு நாலு கடை தள்ளித்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் விதவிதமாக வாட்ச்கள். ஒன்று தூக்கத்தை அளக்குமாம். ஒன்று மூச்சை அளக்குமாம். இன்னொன்று நமக்கு எப்போது கோபம் வருகிறது என்று சொல்லுமாம். அதற்கு எதற்கு வாட்ச், வீட்டுக்காரரைக் கேட்டால் போதாதா?

ரிஸ்வான் நேரே விசயத்துக்கு வந்தார்.

"டீச்சர், சாமான் நெறைய ஈக்கி. மொதல்ல நீங்க ரெண்டு பேரும் ஒரு நாளைக்கு என்னென்ன செய்ற எண்டு சொல்லுங்க. அதுக்கேத்த மாதிரித்தான் நான் தாரேன்."

எவ்வளவு நல்ல கேள்வி! நாங்கள் என்ன பதில் சொன்னோம் தெரியுமா?

"காலையில எழும்பி வாவியைச் சுத்தி நடப்போம் தம்பி" என்றேன் நான். வாவியை நான் காலையில் பார்ப்பது பஸ் ஜன்னல் வழியாகத்தான்.

"நீந்துற ஆக்களுக்கும் ஒண்டு ஈக்கி. தண்ணி போகாது. நீந்துவீங்களா சேர்?"

"நீந்தலாம்" என்றார் என் கணவர், யோசனையாக. மகாவலி ஆறு ஓடும் ஊரில் இருபத்தெட்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறார். முழங்காலுக்கு மேல் நனைந்து நான் பார்த்ததில்லை.

கடைசியில் எப்படித் தெரிவு செய்தார் தெரியுமா? வாட்ச்சின் பட்டியைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, துணியைத் தடவிப் பார்ப்பதுபோல் தடவிப் பார்த்தார். "சாயம் போகாதே?" என்று கேட்டார். பட்டியை இழுத்துப் பார்த்தார். பிறகு, "இதே கலர்ல ரெண்டு குடுங்க" என்றார். ஒரே துணியில் அவருக்குச் சட்டையும் எனக்கு ப்ளவுஸும் வெட்டுகிற பழக்கம், வேறென்ன!

கட்டுவதிலும் ஒரு பிரச்சினை. அவருடைய இடது கையில், எங்கள் கல்யாணத்தன்று என் அப்பா கட்டிவிட்ட கைக்கடிகாரம் இருக்கிறது. தினமும் கொஞ்சம் பிந்தித்தான் ஓடும். ஆனாலும் கழற்ற மாட்டார். "மாமா கட்டினது அங்கேயே இருக்கட்டும்" என்று புதிய வாட்ச்சை வலது கையில் கட்டிக்கொண்டார். நான் எல்லோரையும்போல இடது கையில்.

அன்றிலிருந்து பிடித்தது எனக்குச் சனி.

தினமும் பின்னேரம் நிவேதா வீடியோவில் வருவாள். "அப்பா, சூப்பர்! வட்டம் ஃபுல்! போடுங்க சீனிய!" என்பாள். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, "அம்மா... என்னம்மா இது? பாதியிலேயே நிக்கிறீங்க. சீனி கட்" என்பாள்.

த்ரீவீலில் போய் த்ரீவீலில் திரும்பும் மனிதருக்குச் சீனித் தேத்தண்ணி. மார்க்கெட்டிலிருந்து எங்கள் வீடிருக்கும் ஹந்தானை ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறி வருகிறவளுக்கு வெறும் தேத்தண்ணி! அவர் வேண்டுமென்றே 'ஸ்ஸ்ஸ்ர்ர்' என்று உறிஞ்சுவார். "கடைக்குள்ள நடக்கிறது கொஞ்சமா வசந்தா? உனக்கு எங்க அது வெளங்கப்போகுது" என்பார். அந்த உறிஞ்சல் சத்தத்துக்காகவே ஒருநாள் சண்டை பிடித்தேன்.

இனி நீங்கள் செவ்வாய்க்கிழமைக்கு வரலாம்.

அன்று மார்க்கெட்டிலிருந்து திரும்பும் வழியில் கடைக்குள் நுழைந்தேன். தெல்தோட்டையிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்திருந்தார்கள். கல்யாணப் பெண், அம்மா, மூன்று சித்திமார். இவர் ஸ்டூலில் ராஜாவாக உட்கார்ந்திருக்கிறார்.

"அந்த மாம்பழக் கலரைக் கொஞ்சம் விரிங்க மொதலாளி."

இவர் வலது கையை ஒரு வீசு வீசினார். சேலை மேசை முழுக்கப் பாய்ந்து விரிந்தது.

"அதுக்குப் பக்கத்துல உள்ளது?"

இன்னொரு வீச்சு.

"அதுல பெரிய போர்டர் இருக்குங்களா?"

வீச்சு! பிறகு மடிப்பு. பிறகு ப்ளவுஸ் துணி அளப்பு — கை நீண்டு, மடங்கி, நீண்டு, மடங்கி... புடவைக் கடையில் 'இல்லை' என்பதற்கு முன்னால் எத்தனை சேலைகள் விரிய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாதா? அந்தக் கையில் இருந்த வாட்ச் பாவம், இந்த மனிதர் ஏதோ ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறார் என்று முடிவு செய்துவிட்டது. அப்போதுதான் 'விர்ர்'. அப்போதுதான் பூச்சொரிதல்.

"பாத்தியா!" என்றார் என்னிடம், முகமெல்லாம் பூரிப்பு. "நான் கடைக்குள்ள எவ்வளவு நடக்கிறேன்னு சொன்னா நீ நம்பமாட்ட."

"எங்கங்க நடந்தீங்க? வந்ததுலேருந்து பாக்குறேன், உக்காந்த எடத்தை விட்டு எந்திரிக்கவே இல்லையே!"

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். மறுபடியும் காலைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரைக்கும் அவருக்கே தெரியாது. தான் பெரிய நடைக்காரர் என்றுதான் மனதார நம்பியிருக்கிறார்.

எனக்கு வந்ததே ஒரு சிரிப்பு... சேலைக் குவியலில் சாய்ந்துவிட்டேன். விசயத்தைச் சொன்னதும் சித்திமாரும் சேர்ந்துகொண்டார்கள். கல்யாணப் பெண் மட்டும், "அங்கிள், நீங்க நடந்து முடிச்சிட்டீங்க. எங்களுக்கு இன்னும் சேலை அமையலையே" என்றாள்.

சரி, அவர் கதை விளங்கியது. என் கதை?

என்னை நானே ஒருமுறை பார்த்துக்கொண்டேன். இடது கையில் குடை. கண்டியில் குடையில்லாமல் யார் வெளியே போகிறார்கள்? மழையில்லாவிட்டால் வெயில். வலது கையில் மரக்கறிப் பை. படி ஏறும்போது பையை முழங்கைக்குத் தள்ளிவிட்டுச் சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொள்வேன். குடை பிடித்த கை அசையுமா? அசைந்தால் நனைந்துவிடுவேனே! வாட்ச் என்ன நினைத்திருக்கும்? 'இந்த அம்மா எங்கேயோ ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்' என்றுதான்.

ஆக, அது காலை எண்ணவில்லை. கையைத்தான் எண்ணுகிறது. கையை வீசுகிறவர்களுக்குப் பாராட்டு, சுமக்கிறவர்களுக்கு ஒன்றுமில்லை. நீங்கள் வேலை செய்யும் இடத்திலும் இந்தக் கணக்குத்தான் நடக்கிறதா? எனக்கென்னவோ சந்தேகமாக இருக்கிறது.

அப்படியே ரிஸ்வானிடம் போய் முறையிட்டேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பழைய டீச்சர் இல்லையா, மரியாதை!

"டீச்சர், நான் அண்டைக்கே கேட்டேனே! நீங்க வாவிய சுத்துற எண்டு சொன்னீங்க. சேர் நீந்துற எண்டு சொன்னார். ஒராள் புடவ அளக்கிற, ஒராள் குடை புடிக்கிற எண்டு சொல்லியிருந்தா நான் வேற சாமான் தந்திருப்பேனே. இடுப்புல குத்தி நடைய எண்ணுற க்ளிப் ஒண்டு ஈக்கி. இப்ப முடிஞ்சிட்டு, ரெண்டு நாள்ல வரும். டீச்சருக்கு ஒண்டு எடுத்து வெக்கிறேன்."

உண்மைதான். நாங்கள் வாழ்கிற வாழ்க்கைக்கு வாட்ச் வாங்கவில்லை. வாழ ஆசைப்பட்ட வாழ்க்கைக்கு வாங்கிவிட்டோம். நீங்கள் வாங்கப் போனால், தயவு செய்து அந்தக் கேள்விக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் கை பகல் முழுவதும் என்ன செய்கிறது என்று ஒருநாள் கவனித்துவிட்டுப் போங்கள். பட்டியின் சாயத்தைப் பிறகு பார்க்கலாம்.

அன்று பின்னேரம் நிவேதா சிரித்த சிரிப்பில் போன் அவள் கையிலிருந்து விழுந்து, கொஞ்ச நேரம் அவளுடைய கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு தீர்ப்பு வந்தது.

"அப்பா கடைக்குள்ள வாட்ச்சைக் கழட்டி வைக்கணும். வெளிய வந்து நடந்தா மட்டும் கட்டிக்கலாம்."

என் கணவரின் முகத்தைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. எனக்கு மனதுக்குள் பண்டிகை. அப்பாடா, இனிமேல் இரண்டு பேருக்கும் வெறும் தேத்தண்ணி. சமத்துவம்!

மறுநாள் புதன்கிழமை. மார்க்கெட்டை விட்டு வெளியே வருகிறேன், தூறல். குடையை விரித்துக்கொண்டு நிமிர்ந்தால் — வாசலில் இவர் நிற்கிறார். இந்த நேரத்தில் இவர் கடையை விட்டு இறங்கி நான் பார்த்ததே கிடையாது. பயந்துவிட்டேன்.

"என்னங்க, ஒடம்புக்கு ஏதும்...?"

"ஒண்ணுமில்ல. கடையை வேலைக்கு நிக்கிற தம்பி பாத்துக்கிறான். அந்தக் குடையைத் தா. பையையும் தா."

"உங்களுக்கு வட்டம் நெறையாதுங்க. ரெண்டு கையும் சாமான்ல இருந்தா அது எண்ணாது."

"தெரியும்."

"சீனி போயிடும்."

"அதான் தெரியும்னு சொல்றேனே. நீ கையை வீசி நட."

குடையையும் பையையும் கொடுத்துவிட்டு நடந்தேன். வாவிக்கரை ஓரமாக, பிறகு ஹந்தானை ஏற்றத்தில். விளையாட்டுப் போட்டி அணிவகுப்பில் போகிற பிள்ளைகளைப்போல இரண்டு கையையும் வீசி வீசி நடந்தேன். எங்கள் பக்கத்து த்ரீவீல்காரர் வேகத்தைக் குறைத்து, எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். போகட்டுமே! இவர் ஒவ்வொரு வளைவிலும் நின்று, "வியூ நல்லா இருக்கில்ல?" என்று மூச்சு வாங்கினார். மழை மூட்டத்தில் ஒரு வியூவும் தெரியவில்லை. ஆனாலும் "ஆமாங்க, நல்லா இருக்கு" என்றேன்.

கடைசி வளைவில் என் மணிக்கட்டில் 'விர்ர்'. பச்சை வட்டம் பூர்த்தி! பூச்சொரிதல்! "நெறைஞ்சிருச்சா? நெறைஞ்சிருச்சா?" என்று குடையோடு குனிந்து பார்த்தவருக்கு என்னைவிடச் சந்தோஷம்.

வீட்டுக்கு வந்ததும் நிவேதா.

"அம்மா! சூப்பர்மா! போடுங்க சீனிய!" பிறகு முகம் மாறியது. "அப்பா... என்னப்பா இது? இன்னைக்கு நீங்க அசையவே இல்லையா? கொஞ்சமாவது நடக்கக் கூடாதா? சீனி கட்!"

அவர் குடையைப் பற்றி வாயே திறக்கவில்லை. "நாளைக்குப் பாப்போம் மகள்" என்று சொல்லிவிட்டு, வெறும் தேத்தண்ணியை அதே 'ஸ்ஸ்ஸ்ர்ர்' சத்தத்தோடு உறிஞ்சினார். அன்று அந்தச் சத்தம் எனக்கு எரிச்சலாகவே இல்லை.

க்ளிப் வந்துவிட்டது என்று ரிஸ்வான் போன் பண்ணினார். வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் தம்பி, எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இனி என்ன நடக்கும்? தினமும் அவர் குடை பிடிப்பார், தினமும் அவருக்குச் சீனி கட். ஆனால் இந்த ஏற்றத்தில் உண்மையாகவே நடக்கிறாரே, டொக்டர் கேட்டதும் அதைத்தானே!

நேற்று அவருடைய தேத்தண்ணியில் அரைக் கரண்டி என்னவோ விழுந்தது உண்மைதான். நிவேதா, நீ இந்தப் பத்தியைப் படித்தால்... அது உப்பு, மகள்.