நோன்பு மாதத்தில் ஓடினேன்

என் காக்கா, கூடப்பிறந்த அண்ணன், தேநீர்க் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது வபாத்தானார். கோப்பையை வைத்துவிட்டு மேசையில் தலையைச் சாய்த்தவர்தான், உயிர் போய்விட்டது. தூங்குகிறார் என்று நினைத்து யாரும் தொந்தரவு செய்யவில்லையாம். அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. வாப்பாவும் அதே வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர். எங்கள் குடும்பத்து ஆண்களில் நான் ஒருவன்தான் மிச்சம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கல்முனை பஜாரில் துணிக்கடை வைத்திருந்தேன். காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் லுஹர் தொழுகைக்குத்தான் எழும்புவேன். காக்காவின் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த கையோடு மனைவி என்னை டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பிரஷரும் இருந்தது, சீனி வியாதியும் இருந்தது. உடம்பை அசைக்காமல் மருந்தை மட்டும் விழுங்கிப் பயனில்லை என்றார் டொக்டர். முதலில் நடக்க வேண்டும், பழகிய பிறகு மெதுவாக ஓடலாம், வெயிலில் ஓடக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று நிதானமாகச் சொல்லி அனுப்பினார்.

நடப்பதற்கு எனக்குப் பொறுமை இருக்கவில்லை. அடுத்த நாளே விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போய் ஓடத் தொடங்கினேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஈர மணலில் மூச்சிரைக்க ஓடுகிற தடித்த மனிதனைப் பார்த்து, ஏதோ நாய் துரத்துகிறது என்று நினைத்தவர்கள் உண்டு. பிறகு காலுக்கு ஒரு கென்வஸ் சப்பாத்தும் இடுப்புக்குக் களிசானும் வாங்கினேன். சில மாதங்களில் பக்கத்து ஊரான சாய்ந்தமருதைத் தாண்டி, தமிழர் ஊரான காரைதீவின் கரை வரைக்கும் போய்த் திரும்ப முடிந்தது.

பலன் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். வயிறு வற்றியது. சீனி இறங்கியது. படுத்தவுடன் தூக்கம் வந்தது. டொக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், இந்த அளவு போதும், இதற்கு மேல் கூட்ட வேண்டாம் என்று ஒரு வார்த்தையும் சொன்னார்.

ஆனால் எனக்குப் போதவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் என் இதயம் அடிப்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஒரு நாள் ஓடாவிட்டால் கடையில் உட்கார்ந்திருக்கும்போதே இடது பக்கம் ஏதோ பிசைவது போலிருக்கும். காக்கா தலையைச் சாய்த்த மேசை கண்ணுக்கு முன்னால் வரும். கணைக்கால் எலும்பில் ஊசி ஏற்றுவது போல வலித்தது. எண்ணெய் தேய்த்துத் துணியைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். எத்தனையோ வருடங்கள் காத்திருந்து அப்போதுதான் மனைவிக்குக் குழந்தை தங்கியிருந்தது. அதைப் பார்க்க நான் இருப்பேனா என்ற எண்ணம் என்னை இன்னும் தூரம் விரட்டியது.

"நீங்க ஒடம்புக்கு ஓடல்ல மச்சான். பயத்துக்கு ஓடுறீங்க," என்றாள் அவள் ஒரு நாள், என் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே. விடிந்ததும் ஓடப் போனேன்.

அந்த வருடம் நோன்பு, கச்சான் காற்று வீசுகிற மாதத்தில் வந்தது. மேற்கே வயல்வெளிகளைத் தாண்டி வரும் அந்தக் காற்று அடுப்புக்குள்ளிருந்து வருவது போலச் சுடும். வாயைத் திறந்தால் நாக்கு காய்ந்துவிடும். முதல் சில நாட்கள் ஓடாமல் இருந்து பார்த்தேன். நெஞ்சுப் படபடப்பு தாங்க முடியவில்லை. ஒரு பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, நோன்பு திறப்பதற்குள் வந்துவிடுகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். அவள் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாய்ந்தமருது தாண்டும் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகு வியர்ப்பது நின்றுபோனது. தோல் காய்ந்து எரிந்தது. கடல் ஒரு பக்கமாகச் சரிந்து என் மேல் கொட்டப் போவது போலத் தெரிந்தது. திரும்ப வேண்டும் என்று நினைத்தேன், கால்கள் கேட்கவில்லை. காரைதீவுக் கரையில் கரைவலை இழுத்து முடித்தவர்களின் வாடி ஒன்று, ஓலைக் கொட்டில், தெரிந்தது. அதை நோக்கிப் போனதுதான் ஞாபகம்.

கண் விழித்தபோது ஓலை நிழலில் கிடந்தேன். மேலெல்லாம் ஈரம். ஒரு மீனவரும் அவர் மனைவியும் என் மேல் குனிந்திருந்தார்கள். அந்த அம்மாவின் கையில் ஒரு செம்புத் தண்ணீர்.

"நோன்புகாரர் போல கிடக்கு. குடுத்தா நமக்குப் பாவம் வந்திரும்," என்றார் அவர்.

"உசிர் கிடந்தாத்தான நோன்பு," என்றாள் அவள். "தலையத் தூக்கிப் பிடிங்க."

தண்ணீர் உதட்டைத் தொட்டபோது நோன்பு திறக்கும் பாங்கு சொல்லிவிட்டார்களா என்று கேட்க நினைத்தேன். வாய் எழவில்லை. விழுங்கினேன். உடனே வாந்தி எடுத்தேன். அவள் விடவில்லை, மறுபடியும் கொடுத்தாள். யாரோ மாட்டுவண்டி கொண்டுவர, அதில் கிடத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

மயக்கம் தெளிந்துவிட்டது, பிழைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கெட்ட காலம் அதற்குப் பிறகுதான் வந்தது. கொஞ்சமாக இறங்கிய சிறுநீர் சாயத் தண்ணீர் போலக் கறுத்திருந்தது. பிறகு அதுவும் நின்றது. வெயிலிலும் ஓட்டத்திலும் தசை சிதைந்து, அந்தக் கழிவு கிட்னியை அடைத்துவிட்டது என்று விளக்கினார் வார்டு டொக்டர். சிறுநீர் இறங்காவிட்டால் கொழும்புக்கு அனுப்பி மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், அங்கே இடம் கிடைக்குமா என்று சொல்ல முடியாது, அவ்வளவு தூரப் பயணத்தை என் உடம்பு தாங்குமா என்பதும் தெரியாது என்றார்.

இதயத்தைக் காப்பாற்ற ஓடியவனுக்கு கிட்னி போனது. கைகளும் முகமும் வீங்கின. சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலுக்குக் கீழே சிறுநீருக்கு வைத்த போத்தல் காலியாகவே இருந்தது. வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தப் போத்தலைப் பார்ப்பது போல எனக்கு வெட்கமாக இருந்தது. மனைவி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவாள். குர்ஆனில் யாசீன் ஓதி முடித்துவிட்டு என் காலைத் தொட்டு வீக்கத்தை அழுத்திப் பார்ப்பாள். விரல் பதிந்த குழி மறையாமல் அப்படியே நிற்கும். குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்று அவள் கேட்டபோது, அதை நீயே வை என்று சொன்னேன். அன்றைக்கு மட்டும் அவள் அழுதாள்.

"எனக்குத் தெரியாது. நீங்கதான் வைக்கணும்," என்றாள்.

கொழும்புக்கு அனுப்பப் பேசி முடித்த அன்று விடியற்காலையில் சிறுநீர் இறங்கியது. கொஞ்சம்தான், கலங்கலாக. தாதி போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு டொக்டரைக் கூப்பிட ஓடினாள். மத்தியானம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஆளே உருமாறியிருந்தேன். நடந்தால் தலை சுற்றியது. கிட்னி முழுதாகத் திரும்பவில்லை. அதனால் சீனி மருந்துகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. இனிமேல் எப்போதாவது ஓடலாமா என்று பழைய டொக்டரிடம் கேட்டேன். ஓட்டத்தில் குற்றமில்லை, அளவாக ஓடுகிறவனுக்கு அது மருந்துதான், உங்களால் அளவாக ஓட முடியும் என்று எனக்கு நம்பிக்கையில்லை என்றார்.

மாரி மழையில் மகள் பிறந்தாள். பெயரை நான்தான் வைத்தேன். எழும்பி நடமாடத் தொடங்கியதும் கடையிலிருந்து ஒரு சேலையும் சாரமும் எடுத்துக்கொண்டு காரைதீவுக்கு பஸ்ஸில் போனேன். அந்த அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்ன பிறகு, நோன்பு முறிந்தது குற்றமாகிவிட்டதா என்றுதான் முதலில் கேட்டாள். இல்லை, வேறொரு நாளில் அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்றேன். அவளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

சில வருடங்களில் எங்கள் முஸ்லிம் ஊருக்கும் அவர்களுடைய தமிழ் ஊருக்கும் இடையில் கலவரம் வந்தது. அந்தக் கரைக்கு நாங்களும் இந்தப் பக்கம் அவர்களும் வர முடியாமல் போனது. கடற்கரையில் ஓடுகிற மனிதனைக் கண்டால், ஏன் ஓடுகிறாய் என்று கேட்பதற்கு முன்னால் சுட்டுவிடுகிற காலம். ஊரடங்கு நாட்களில் வீட்டு வளவுக்குள்ளேயே வேலியோரமாகச் சுற்றிச் சுற்றி நடந்தேன். நெஞ்சு படபடத்தால் நின்றேன். நிற்பதற்கு எனக்கு நெடுநாள் பயமாகவே இருந்தது.