தேனீக்கு அம்மை போட்ட வருஷம்

மஞ்சள் தண்ணீரின் வாசம் எங்கே மூக்கில் ஏறினாலும், அதன் பின்னாலேயே ஒரு ரீங்காரம் என் காதுக்குள் கிளம்பிவிடும். இரண்டும் இலங்கை மலையகத்தில் பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நாங்கள் குடியிருந்த லயத்து ஒற்றை அறை, 'காம்பரா' என்போம், அதன் பின்சுவரிலிருந்து வருபவை. கருங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய அந்தச் சுவருக்கு உட்பக்கம் எங்கள் அடுப்பு, வெளிப்பக்கம் ஒரு வெடிப்பு, வெடிப்புக்குள்ளே ஒரு தேன்கூடு. அடுப்புச் சூட்டுக்காகத்தான் தேனீக்கள் அங்கே வந்து குடியேறியிருக்க வேண்டும், ஏனென்றால் பனிக்காலத்தில் நாங்களும் அதே சுவரில்தான் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பக்கத்துக் காம்பராக்காரர்கள் பந்தம் கொளுத்தித் தேனை எடுத்துவிடச் சொல்லி அம்மாவை அரித்துக்கொண்டே இருந்தார்கள். "நம்மளாட்டம் பொழைக்க வந்ததுங்க, கெடந்துட்டுப் போகுது" என்று அவள் ஒரே பேச்சில் வாயை அடைத்துவிட்டாள்.

அப்போது ஐம்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு நேர் மூத்தவன் ராசு. முந்தின வருஷம் அவனுக்கு அம்மை போட்டது. எங்கள் ஆட்களின் வாயில் அம்மை ஒருநாளும் 'வராது', அது 'போடும்'. யார் போட்டது என்று ஒருவரும் கேட்பதில்லை, கேட்காமலே எல்லோருக்கும் தெரியும். 'ஆத்தா' போட்டாள், அவ்வளவுதான். தோட்டத்து ஆட்கள் வந்து ராசுவைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு அப்பால் இருந்த தகரக் கொட்டிலில் விட்டார்கள். அம்மை கண்டவர்களைத் தனியாக வைக்கிற இடம் அது, பெற்றவளுக்கும் உள்ளே போக அனுமதி இல்லை. அம்மா இக்கரையில் நின்று அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவன் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு எங்களில் யார் ஒரு இருமல் இருமினாலும் போதும், சட்டையைத் தூக்கி முதுகைப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

ராசு போன மறுவருஷம்தான் எங்கள் தோட்டத்துக்குப் 'பூச்சி மாத்தயா', அதாவது பூச்சி ஐயா, வந்து சேர்ந்தார். கண்டிப் பக்கத்திலிருந்து வந்த சிங்கள வாலிபர், விவசாய ஆராய்ச்சி செய்கிறவர் என்று சொன்னார்கள். தோட்டத்துத் துரையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, லயங்களுக்குப் பின்னால் நாங்கள் போட்டிருந்த மரக்கறிப் பாத்திகளில் காலை முழுக்கக் குடையைப் பிடித்துக்கொண்டு பூசணிப் பூவுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். எந்தப் பூவில் எந்த ஈ உட்காருகிறது, எது காய்க்கிறது, எது உதிர்கிறது என்று பார்க்கிறாராம். எங்கள் கணக்கப்பிள்ளைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அம்புட்டுப் படிப்பும் படிச்சிட்டு இங்க வந்து ஈ ஓட்டிக்கிட்டு இருக்காரு பாருங்க" என்று காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் எல்லோரும் கேட்கச் சொல்வார், கொழுந்து எடுக்கப் போகிற பெண்களும் சிரித்துக்கொண்டே மலையேறுவார்கள்.

ஒரு காலையில் அம்மா விறகெடுக்கப் பின்பக்கம் போனவள், வெறுங்கையோடு உள்ளே ஓடி வந்தாள். முகத்தில் சொட்டு ரத்தமில்லை. "அடியே, ஈக்கும் போட்டுட்டாடி ஆத்தா" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். சுவர் வெடிப்பில் போய்வந்துகொண்டிருந்த தேனீக்களில் பலவற்றின் முதுகில், பொட்டு வைத்த மாதிரி, வெள்ளையாக ஒரு கொப்புளம். அடக் கடவுளே, எனக்கும் அது அம்மைக் கொப்புளமாகத்தான் தெரிந்தது! அதே நேரத்தில் உள்ளே என் தம்பி மணி முனகினான். விடிந்ததிலிருந்தே அவனுக்கு உடம்பு கொஞ்சம் சூடாக இருந்தது. இப்போது தொட்டுப் பார்த்தால் நெருப்பாய்க் கொதித்தது. எங்கள் சுவரில் குடியிருக்கிற ஜீவனுக்கு முதலில் போட்டு, அங்கிருந்து பிள்ளைக்குப் போட்டிருக்கிறாள் என்று அம்மா ஒரு நொடியில் முடிவுகட்டிவிட்டாள்.

அதோடு கதவு சாத்தப்பட்டது. பஜார் கடையிலிருந்து வாங்கிப் பானை மேல் செருகி வைத்திருந்த காய்ந்த வேப்பிலைக் கொத்து நிலைக்கு ஏறியது. தாளிப்பு நின்றது, கருவாடு நின்றது, எனக்குத் தலை வாரிவிடுவதும் நின்றது. மணியைத் துணியில் கிடத்தி மஞ்சள் தண்ணீர் தெளித்த அம்மா, மிச்சத்தைக் கொண்டுபோய் அந்தச் சுவர் வெடிப்பிலும் தெளித்துவிட்டுக் கும்பிட்டு நின்றாள். அம்மா வேலைக்கு வராததற்குக் கங்காணி காரணம் கேட்டால் பல்வலி என்று சொல்லும்படி அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். வெளியே தெரிந்தால் மணியையும் அந்தக் கொட்டிலுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள், வீட்டில் இருந்த ஒரே பயம் அதுதான். டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோகிற பேச்சுக்கே இடமில்லை. ஆத்தா விளையாடுகிற உடம்புக்கு மருந்து கொடுக்கக் கூடாது, அதோடு மருந்து கொடுக்கிற ஐயாதான் முதலில் துரைக்குச் சொல்லுகிறவர். ஆனால் மணிக்கு ஒரு கொப்புளமும் எழும்பவில்லை. அவனால் எச்சில் விழுங்க முடியவில்லை, குரல் அடைத்துப்போய் அழுகை கூடச் சத்தமில்லாமல் வந்தது. "உள்ளுக்குள்ளேயே நிக்கிறா, வெளிய வரமாட்டேங்கிறா" என்றாள் அம்மா. ராசுவுக்கு நடந்ததே இவனுக்கும் நடக்கப்போகிறது என்று நான் மூலையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு, வெளியே யாரோ சந்தோஷமாகக் கத்துகிற சத்தம் கேட்டது. பூச்சி மாத்தயா எங்கள் பின்சுவரின் முன்னால் நின்று, புதையல் கண்டவரைப்போலக் குதித்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு குப்பி, மெல்லிய தூரிகை. அம்மா வேப்பிலையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப்போய்ச் சுவருக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். வீட்டில் அம்மை என்று வாய்விட்டுச் சொல்ல அவளுக்குத் தைரியமில்லை. பஜாரில் பழகிய சிங்களத்தில், "மீ மெஸ்ஸாட்ட தெய்யங்கே லெட, மாத்தயா, கிட்ட வராதீங்க" என்றாள். தேனீக்குத் தெய்வ நோய் என்று அர்த்தம், சிங்களவர்களும் அம்மையை அப்படித்தான் சொல்வார்கள். அவர் விழித்தார். "தேனீக்கா?" என்று கேட்டார். அம்மா விரலை நீட்டி வெள்ளைப் பொட்டைக் காட்டினாள்.

பாவம், அவர் சிரிக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். "அம்மா, அது நான். நான் போட்டது" என்று தெரிந்த தமிழில் சொல்லிவிட்டு, பூசணிப் பூவில் மகரந்தம் அப்பிக் கிடந்த ஒரு ஈயை லாவகமாகப் பிடித்து, குப்பிப் பெயிண்டைத் தொட்டு அதன் முதுகில் ஒரு பொட்டு வைத்து, விட்டார். ஈ தள்ளாடி எழும்பி, எங்கள் சுவர் வெடிப்புக்குள் நேராகப் போய் நுழைந்தது. பூசணிப் பூவைத் தேடி வருகிற ஈக்களின் வீடு எது என்று கண்டுபிடிக்க இத்தனை நாளாய் அலைந்தாராம், அந்த வீடு எங்கள் வீடுதானாம்.

"நீங்க போட்டதா? ஆத்தா போடலியா?" என்று அம்மா கேட்டாள்.

"நான் மட்டும்தான்" என்றார் அவர்.

அம்மா அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. உள்ளே பாய்ந்து மணியை வெளிச்சத்துக்குத் தூக்கி வந்து, சட்டையைக் கழற்றி, முதுகு, வயிறு, அக்குள், உள்ளங்கால் என்று ஒரு இடம் விடாமல் பார்த்தாள். மாசு மருவில்லாத உடம்பு. அப்படியே அவனைத் தோளில் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினாள், பின்னாலேயே நான், எனக்கும் பின்னால் குடையோடு பூச்சி மாத்தயா. மருந்து ஐயா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, தொண்டைக்குள் சீழ் கட்டியிருப்பதாகச் சொல்லி ஊசி போட்டார். "இன்னும் வீட்டுலயே வெச்சிருந்தீங்கன்னா மூச்சடைச்சிருக்கும்மா, நல்ல வேளை கொண்டாந்தீங்க" என்றார். அம்மா டிஸ்பென்சரிப் படியில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் சிரித்தாள். ராசு போனதற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மணி கஞ்சி குடித்த அன்று, அம்மா சட்டியில் எண்ணெய் ஊற்றிக் கடுகைப் போட்டாள். அது படபடவென்று வெடித்து அந்த வாசம் காம்பரா முழுக்கப் பரவியபோது, நான் பயமெல்லாம் விட்டுப்போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன். "ஈக்கு மஞ்சத்தண்ணி ஊத்துன மகராசி" என்று அப்பா அவளைக் கேலி செய்ய ஆரம்பித்தவர், சாகிற வரைக்கும் விடவில்லை.

அதன்பிறகு பூச்சி மாத்தயாவுக்கு எங்கள் பாத்தியில் தடையேது! பூ விரியும் முன்னே சிலவற்றுக்குத் துணிப்பை கட்டி மூடினார், சிலவற்றை ஈக்கள் வந்துபோகத் திறந்தே விட்டார். மூடின பூவின் அடியிலிருந்த பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தது, ஈ உட்கார்ந்த பூவின் பிஞ்சு பருத்துக் காயானது. அம்மா தினமும் வேலைக்குப் போகும்முன் ஒரு நடை போய்ப் பார்த்து வருவாள். "இதுங்க திருடித் தின்னுட்டுப் போகுதுன்னுல்ல நெனச்சேன்" என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். அவர் ஊருக்குக் கிளம்புகிற அன்று, இருப்பதிலேயே பெரிய பூசணியைப் பறித்து அவரிடம் கொடுத்தாள். அதன்மேல் சுண்ணாம்பில் வெள்ளைப் பொட்டு இருந்தது, காய்மேல் கண் பட்டுவிடக் கூடாதென்று எங்கள் ஆட்கள் வைப்பது. அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "அது நான் போட்டது, மாத்தயா" என்றாள் அம்மா. அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

போன வருஷம் அந்த லயத்துக்குப் போயிருந்தேன். பின்சுவருக்குச் சீமெந்து பூசிவிட்டார்கள், வெடிப்பும் இல்லை, கூடும் இல்லை, அதற்கு எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆற்றுக்கு அப்பால் அந்தத் தகரக் கொட்டில் இருந்த இடத்தில் தேயிலை நிற்கிறது. ராசுவைக் கொண்டுபோன அந்த அம்மை உலகத்தில் எங்குமே இல்லாமல் போய்விட்டது. எல்லாம் போய்விட்டதே என்று ஏங்குகிற வயதில் இருக்கிறேன், ஆனால் இது போனதற்கு மட்டும் நின்ற இடத்திலேயே கும்பிட்டேன்.

மணி இப்போது ஹட்டனில் இருக்கிறான், பேரப்பிள்ளைகள் எடுத்தாயிற்று. அண்மையில் அவனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுப் பதறிப்போய் போன் எடுத்தேன். நான் வாயைத் திறக்கும் முன்னே அவனே சொன்னான்:

"முதுகப் பாத்தாச்சுக்கா. மாத்தயா ஒண்ணும் போடல."