மூன்று முறை வடித்த எண்ணெய்

அப்புத்துரை புல்வெட்டும் வண்டியின் வடிகுழாயைத் திறந்தார். வாளியில் இறங்கிய எண்ணெய், தே தாரிக் என்னும் பால் தேநீரின் நிறத்தில் இருந்தது. ஆறு வாரத்தில் இது மூன்றாவது முறை. நல்ல எண்ணெய் என்றால் வாளியின் அடி தெரிய வேண்டும்.

"மறுபடியும் தண்ணியா அண்ணே?" என்றாள் வடிவம்மாள்.

"மறுபடியும்தான்."

அது 1988. பாயான் பாரு என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அப்புத்துரை பராமரிப்பு மெக்கானிக். வயது நாற்பத்தெட்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அப்பாவும் இரண்டு அண்ணன்மாரும் அரசாங்கக் குமாஸ்தாக்கள். இவர் ஒருவர்தான் ஸ்பேனர் பிடித்தவர். கல்யாண வீட்டில் யாராவது வேலையைப் பற்றிக் கேட்டால், மனைவி கனகேஸ்வரி முந்திக்கொண்டு "ஃபேக்டரியில சூப்பர்வைசர்" என்று சொல்லிவிடுவாள். அவர் திருத்துவதில்லை.

தொழிற்சாலைக்கு முன்னால் பெரிய புல்வெளி, பின்னால் ஒரு மேடு. இரண்டையும் வெட்டுவது உட்கார்ந்து ஓட்டும் ஒரு வண்டி. அதில் கியர் கிடையாது. என்ஜின் ஒரு பம்பைச் சுற்றும். பம்பு எண்ணெயை அழுத்தித் தள்ளும். அந்த அழுத்தத்தில்தான் சக்கரம் உருளும். எண்ணெயில் தண்ணீர் கலந்தால் பம்பு முனகும், உள்ளே தேயும், மேட்டில் வண்டி நின்றுவிடும்.

அதை ஓட்டுபவள் வடிவம்மாள். எஸ்டேட்டிலிருந்து வந்து, ஆண்கள் சிரிக்கச் சிரிக்க ஓட்டப் பழகியவள். பம்பு முனகுவதை முதலில் சொன்னதும் அவள்தான்.

முதல் முறை, மழையில் நின்றதுதான் காரணம் என்று எண்ணி எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, வண்டியைக் கூரைக்குள் நிறுத்தச் சொன்னார். இரண்டு வாரத்தில் எண்ணெய் மறுபடி வெளுத்தது. இரண்டாம் முறை, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பம்பைக் கழற்றி, கசிவு தடுக்கும் சீல்களை மாற்றினார். விரல் நசுங்கி நகம் கறுத்தது. அதற்கும் பலனில்லை.

நிர்வாக மேலாளர் ஜபருல்லா பட்டறைக்கு வந்து வாளியை எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணே, எத்தன தடவ மாத்துறது? நீங்க சரியா மூடலயா?"

"சரியாத்தான் சார் மூடினேன்."

"அப்ப தண்ணி எங்கேருந்து வருது?"

அப்புத்துரை வாளியை நகர்த்தி வைத்துவிட்டு, தொட்டியில் வேறு எண்ணெய் ஊற்றினார். அன்று வீட்டில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். கனகேஸ்வரி இரண்டு முறை கூப்பிட்டும் காதில் விழவில்லை.

மறுநாள் மற்ற வேலைகளைத் தள்ளிவிட்டு, காலை முழுக்க வண்டியின் பின்னாலேயே நடந்தார். பத்தே முக்காலுக்கு வடிவம்மாள் வெட்டி முடித்து, சூடு ஆறாத வண்டியை நிறுத்தி, உடனே தண்ணீர்க் குழாயைத் திருப்பினாள்.

"நில்லு, நில்லு. தெனமும் இப்படித்தான் கழுவுறியா?"

"ஆமாண்ணே. பதினொரு மணிக்கு ஆளுங்க வருவாங்க, வண்டி பளபளன்னு இருக்கணும்னு சார் சொன்னாரு."

எண்ணெய்த் தொட்டியின் மேல் காற்றுப் போக ஒரு சிறிய மூடி இருக்க வேண்டும். அது உடைந்து நான்கு மாதம். அலுவலகத்தில் கேட்டபோது, "ஒரு மூடிக்கா ஆர்டர் போடுறது?" என்றார்கள். அப்போது அந்த வாயில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டது அப்புத்துரையேதான். சூட்டில் ரப்பர் இளகியிருந்தது. கொதிக்கும் தொட்டியில் குளிர்ந்த நீர் பட்டதும், உள்ளே காற்று சுருங்கி, மேலே நின்ற தண்ணீரை அப்படியே இழுத்துக்கொண்டது.

தன் கையால் கட்டிய பை. அதை விட்டுவிட்டு நல்ல சீல்களைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார். பையைப் பிய்த்துக் கசக்கி எறிந்தார். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

ஜபருல்லாவிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னார். "கழுவுறத ஒரு மணி நேரம் தள்ளிப் போடச் சொல்லுங்க சார். சூடு ஆறணும்."

"அது முடியாதுலா அண்ணே. விசிட்டர் வர்ற நேரம். நீங்க வேற வழி பாருங்க."

சனிக்கிழமை ஜுருவுக்குப் போய், பழைய லாரிச் சாமான் கடைகளில் வெயிலில் அலைந்தார். ஏழாவது கடையில் மரை பொருந்தும் மூடி ஒன்று கிடைத்தது. அதைப் போட்டு, தொட்டியைக் கழுவி, புது எண்ணெய் ஊற்றினார். ஒரு மாதம் பார்த்தார். எண்ணெய் தெளிவாகவே இருந்தது.

ஆனால் பம்பு ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. சூடேறியதும் வண்டி மேட்டில் தவழ்ந்தது. புதுப் பம்பு கேட்டு எழுதிய படிவம், 'வண்டி நல்ல நிலையில் உள்ளது' என்ற மேலாளரின் அறிக்கையோடு திரும்பி வந்தது. அப்புத்துரை இன்னொரு படிவம் எழுதினார். அதுவும் திரும்பியது.

வழி சொன்னவள் வடிவம்மாள். "காலையில வண்டி நல்லா ஏறுதுண்ணே. நான் ஏழு மணிக்கே மேட்ட வெட்டிடுறேன்."

எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும் நேரம்; தேய்ந்த பம்பிலும் அழுத்தம் நிற்கும். அவள் சொன்னது சரிதான். இருந்தாலும் அவருக்கு அது பிடிக்கவில்லை. மெக்கானிக் செய்ய வேண்டியதை ஓட்டுகிறவள் சமாளிக்கிறாள்.

"சரி, அப்படியே செய்" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது படிவத்தை எடுத்தார்.