நட்டின் மேல் ஒரு வெள்ளைக் கோடு

என் வீட்டுக்காரருக்குத் தொழில் பல் செய்வது. டாக்டர் இல்லை, டாக்டர்கள் அனுப்புகிற அச்சை வைத்துக்கொண்டு மேல் செட்டும் கீழ் செட்டும் செய்து கொடுக்கிறவர். ஊரில் பாதிப் பேர் இவர் கைவேலையால்தான் சிரிக்கிறார்கள். நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் போனால் யார் முகத்தையும் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். "அந்தக் கீழ் வரிசை நம்மளுது" என்று என் காதைக் கடிப்பார்.

புதுப் பல் புதிதாகத் தெரியக் கூடாது என்பது இவர் கொள்கை. வரிசையில் ஒன்றை இம்மியளவு சாய்ப்பார், ஓரத்தில் லேசாக மஞ்சள் ஏற்றுவார். அறுபது வயதுக்காரருக்கான பல் என்றால் அறுபது வருடம் மென்ற தேய்மானம் அதில் இருந்தாக வேண்டும். இந்தப் புத்தியோடு இவர் ஸ்கேட்போர்டு செய்யக் கிளம்பியதில்தான் வந்தது வினை.

ஐம்பத்து நான்கு வயதில் ஒரு மனிதருக்கு ஸ்கேட்போர்டு எதற்கு என்று நானும் கேட்டுப் பார்த்தேன். எங்கள் மகள் போனில், "விடும்மா, டிவி முன்னாடி உக்காந்து நியூஸோட சண்டை போடாம இருக்காரே" என்றாள். அவளுக்கென்ன, வேறு ஊரில் இருக்கிறாள். மரத்தூளைப் பெருக்குகிறவள் நான்.

பதினேழு வயதில் இவர்கள் மூன்று பேர். இவர், என் அண்ணன், அப்புறம் சோடாபுட்டி. தடித்த கண்ணாடியால் வந்த பெயர். இப்போது ஆபரேஷன் செய்துகொண்டு கண்ணாடி போய்விட்டது, பெயர் மட்டும் மூக்கை விட்டு இறங்கவில்லை. இவருடைய போர்டு, ஒரு ரோலர் ஸ்கேட்டை அறுத்து அதன் இரும்புச் சக்கரங்களைப் பலகையில் பொருத்தியது. சோடாபுட்டியுடையது முன்னொரு காலத்தில் அலமாரிக் கதவு. என் அண்ணனுடையதுதான் அசல் போர்டு. கப்பலில் வேலை பார்த்த எங்கள் மாமா வாங்கி வந்தது, மெத்தென்ற பிளாஸ்டிக் சக்கரம். நான் பன்னிரண்டு வயதுக்காரி. அதைத் தொட எனக்கு அனுமதி இல்லை.

அந்த போர்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. பலகைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்பு அச்சு, அதில் ஒரு நட்டு. நட்டை முறுக்கினால் போர்டு விறைப்பாக நேரே போகும். தளர்த்தினால் உடம்பைச் சாய்க்கிற பக்கம் சுலபமாக வளையும், ஆனால் வேகமெடுத்தால் ஆட ஆரம்பித்துவிடும். ஆளுக்கு ஆள் அளவு வேறு. அண்ணன் தன் அளவில் முறுக்கி, நட்டின் மேலிருந்து அச்சு வரை வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுத்திருந்தான். இரவல் வாங்குகிறவன் இஷ்டத்துக்குத் தளர்த்திக்கொள்ளலாம். திருப்பிக் கொடுக்கும்போது கோடு நேராக இருக்க வேண்டும். அது அவர்களுக்குள் சட்டம். அண்ணன் அதை நம்பி நட்டைப் பார்க்காமலே ஏறுவான்.

ஐஸ் ஃபேக்டரியின் பின்பக்கம் லாரி ஏறுகிற சிமென்ட் சரிவில், ஒரு சனிக்கிழமைக் காலை பத்து மணிக்கு, அவன் அப்படித்தான் ஏறினான். பாதிச் சரிவில் போர்டு ஆடியது. கீழே இருந்த இரும்பு கேட்டின் தூணில் தலை மோதியது, அங்கேயே போய்விட்டான். சோடாபுட்டி ஓடிவந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியபோது அவன் கண்ணாடியைக் காணவில்லை. நான் அதைத்தான் முதலில் கவனித்தேன். அந்த போர்டைப் போலீஸ் கொண்டுபோனதோ யாராவது தூக்கி எறிந்தார்களோ, பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை.

கல்யாணமான முதல் வாரமே இவர் என்னிடம் சொல்லிவிட்டார். "முந்தின நாள் சாயங்காலம் அந்த போர்டை நான்தான் வாங்கி ஓட்டினேன். நட்டைக் கால் சுத்து தளர்த்தினேன். திருப்பி முறுக்கிக் கொடுத்தேனான்னு எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வரல." என்னைக் கட்டிக்கொண்டதே அதற்காகத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அன்றைக்கு நான், "விடுங்க, பழைய கதை" என்றேன். இருபத்தாறு வருடம் அதையே சொன்னேன்.

இவர் விட்டால்தானே. போன வருடம் கார் நிறுத்துகிற கொட்டகையைக் காலி பண்ணினார். முதலில் தன்னுடைய பழைய போர்டை அப்படியே மறுபடி செய்தார், பிறகு சோடாபுட்டியின் அலமாரிக் கதவை. சோடாபுட்டி வைத்திருந்த அந்தக் காலத்து நாலைந்து போட்டோக்களைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டி, பூதக்கண்ணாடி வைத்துக் கீறல்களை எண்ணினார். அந்தக் கீறல்களைப் பல் குடைகிற கருவியால் ஒவ்வொன்றாகப் பலகையில் ஏற்றினார். செய்து முடித்ததும் இரண்டு கிழவர்களுமாகப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்ப்பார்கள். விழுந்தால் தூக்க ஆள் வேண்டுமே என்று நானும் போவேன்.

தபால் ஆபீஸ் பின்முற்றத்தில்தான் அது தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், ஆள் நடமாட்டம் இல்லை. இவர் இரும்புச் சக்கர போர்டில் சுவரோரம் வரை கடகடவென்று போய், காலை ஊன்றி நின்றார். சத்தம் நிற்கவில்லை. சுவரோரமே தொடர்ந்து போய், மூலையில் திரும்பி, எங்களை நோக்கி வந்து, நான் உட்கார்ந்திருந்த படிக்கு முன்னால் ஓய்ந்தது. இரும்புச் சத்தம் இல்லை அது. மெத்தென்ற சக்கரம்.

"எதிரொலி" என்றார் இவர்.

"எதிரொலி வேற சக்கரத்துல வருமாடா?" என்றார் சோடாபுட்டி. நான் காலை மேல்படிக்குத் தூக்கிக்கொண்டேன்.

நூலக வாசல் சரிவில் சோடாபுட்டி தன் கதவின் மேல் ஏறினார். அங்கேயும் அதே சத்தம் ஒரு பத்தடி பின்னால் வந்தது. திரும்பிப் பார்த்தால் காலித் தரை. அதற்குமேல் நான் போகவில்லை. இவர்கள் போவதையும் நிறுத்தச் சொன்னேன். இவர் தலையாட்டிவிட்டு, அண்ணனின் போர்டைச் செய்ய உட்கார்ந்தார்.

அதற்கு ஐந்து மாதம் பிடித்தது. ஏழு மெல்லிய மரத் தகடுகளைப் பசை தடவி அடுக்கி, கார் ஜாக்கியை வைத்து அழுத்தி வளைத்தார். சக்கரத்துக்குப் பல் அச்சு எடுக்கிற சிலிக்கானில் வார்ப்பு செய்து, அதில் மெத்தென்ற பிளாஸ்டிக்கை ஊற்றினார். முதல் நாலும் ஈறு நிறத்தில் வந்து தொலைத்தன. "கடிக்கவா போகுது?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை. காலடித் தேய்மானத்தைக் கடைசியில் தேய்த்தார். மற்ற இருவரும் இடது காலை முன்னே வைக்கிறவர்கள், அண்ணன் வலது காலை. அந்த வலது கால் குழியைப் பார்த்ததும் நான் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

நட்டை அண்ணனின் அளவில் முறுக்கி வெள்ளைக் கோடு இழுத்தார். அது உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு. எவ்வளவு குலுக்கினாலும் தளராது, ஸ்பேனர் போட்டு முக்கினால்தான் திரும்பும். போர்டைக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டு வந்தார். மறுநாள் காலை கோடு உடைந்திருந்தது. நட்டின் மேல் இருக்கும் பாதி, அச்சில் இருக்கும் பாதிக்கு நேர் எதிர்ப்பக்கம் போயிருந்தது.

திருப்பி முறுக்கினார். அடுத்த காலையும் அப்படியே. கொட்டகையைப் பூட்டிச் சாவியைத் தன்னோடு வைத்துக்கொண்டார். அப்படியும் அதேதான். ஒன்பது நாள் இப்படிப் போனது. பத்தாம் நாள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"அவன் எனக்குப் பதில் சொல்றான்" என்றார். "திருப்பி முறுக்கலடா நீன்னு சொல்றான்."

"உளறாதீங்க."

"ஒண்ணு மட்டும் புரியல. நான் எப்பவும் கால் சுத்துதான் தளர்த்துவேன். இது ஏன் அரைச் சுத்து தளருது? அரைச் சுத்துல அவ்வளவு எடையோட ஓட்டவே முடியாதே."

நான் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை இவர் சட்டையை மாற்றிக்கொண்டு நின்றார். ஐஸ் ஃபேக்டரிக்குப் போகிறாராம். நட்டு எப்படி இருக்கிறதோ அப்படியே வைத்துக்கொண்டு மேலேயிருந்து இறங்குவாராம். போர்டு ஆடுகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். "ஆடினா?" என்றேன். "ஆடினா தெரிஞ்சிரும்" என்றார்.

சோடாபுட்டியும் கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. ஃபேக்டரியை மூடிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கூரை இல்லை. சரிவு மட்டும் நேற்றுப் போட்டதுபோல் வழுவழுவென்று இருந்தது, ஒரு புல் முளைக்கவில்லை. கேட் போய்விட்டது, தூண் நின்றது. பத்து மணி வெயிலில் அந்த இடம் மட்டும் குளிர்ந்தது. ஐஸ் செய்த காலத்தில்கூட இப்படிக் குளிர்ந்ததில்லை. நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். சோடாபுட்டி பாதிச் சரிவில் நின்றார். இவர் உச்சியில் போர்டை வைத்து, காலைத் தூக்கி வைத்தார். இடது காலை இல்லை, வலது காலை. இவர் வாழ்நாளில் வலது காலை முன்னே வைத்ததில்லை.

நான் சரிவில் ஏறத் தொடங்கினேன். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. ஏறிப் போய் போர்டின் முனையில் என் செருப்புக் காலை வைத்து அழுத்திக்கொண்டேன்.

"நகரு" என்றார்.

"அரைச் சுத்து உங்களுது இல்லை" என்றேன். "என்னுது."

இவர் போர்டிலிருந்து காலை இறக்கினார்.

சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் தானாக வந்தது. அந்தச் சனிக்கிழமை விடிந்ததும் வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் கட்டிலுக்கு அடியிலிருந்து போர்டை எடுத்துக்கொண்டு பின் சந்துக்குப் போனேன். அப்படிப் போனது முதல் தடவை அல்ல. நான் ஒல்லிக்குச்சி. அவன் முறுக்கி வைத்திருந்தால் என் எடைக்கு அது வளையவே வளையாது. அதனால் எப்போதும் அரைச் சுற்று தளர்த்திக்கொள்வேன், முடிந்ததும் கோட்டை நேராக்கி வைத்துவிடுவேன். அன்றைக்கு அம்மா எழுந்து என்னைக் கூப்பிட்டுவிட்டாள். அகப்பட்டால் அண்ணன் காதைத் திருகுவானே என்ற பயத்தில் அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடினேன். அப்புறம் முறுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பல் தேய்த்தேன். மறந்துபோனேன்.

சோடாபுட்டி பாதிச் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீ எடுக்கும்போது..." என்றார் இவர்.

"நேரா இருந்துச்சு" என்றேன். "நீங்க திருப்பி முறுக்கித்தான் கொடுத்திருந்தீங்க. நான் என் கண்ணால பார்த்தேன். கோடு நேரா இருந்துச்சு."

"இருபத்தாறு வருஷம் பக்கத்துல படுத்திருந்தியே. ஒரு நாள் சொல்லத் தோணலையா?"

"தினமும் தோணுச்சு."

அதுதான் உண்மை. சொன்னால் அண்ணனைக் கொன்றவள் என்று ஆகிவிடுவேன் என்று பயந்தேன். அந்தப் பழியை இவர் தலையில் விட்டு வைத்து, இவரோடு குடும்பமும் நடத்தினேன். இதை எப்படித் திருப்பிப் போட்டாலும் அழகாகத் தெரியாது.

இவர் போர்டைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினார். பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள், "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது நன்றாகத் தூங்குகிறார், குறட்டை வேறு. கொட்டகைப் பக்கம் அதிகம் போவதில்லை. போர்டு அதே ஆணியில் தொங்குகிறது. அன்றைக்கு வந்ததும் கோட்டை நேராக்கி மாட்டியதோடு சரி, அதன் பிறகு நட்டு தானாக நகரவில்லை.

நான்தான் போகிறேன். சாயங்காலம் பாத்திரம் கழுவி முடித்ததும் ஸ்பேனரை எடுத்து, பழையபடி அரைச் சுற்று தளர்த்தி வைத்துவிட்டுக் கொட்டகையைப் பூட்டிவிடுவேன். சாவி என் இடுப்பில். ஏன் செய்கிறேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காலையில் போய்ப் பார்த்தால் கோடு நேராக இருக்கிறது.

இவரிடம் கேட்டேன். "நான் அதைத் தொடவே இல்லையே" என்றார்.