பெட்டிக்கு இன்னும் ஒரு மூக்கு

பேத்தி பிறந்த அன்று அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு முற்றம்தான் இருந்தது. அந்தப் பக்கம் பிரசவ வார்டு, இந்தப் பக்கம் காய்ச்சல்காரர்களைத் தனியாக வைக்கும் அறை. கதவுக்குப் பூட்டு கிடையாது. ஒரு கொக்கி, அதுவும் என் பக்கம். ஆனாலும் நான் வெளியே போகக் கூடாது.

கோட்டை வாசலில் வேகவைத்த வேர்க்கடலை விற்கிறவன் நான். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கடலையோடு ராஜா கதையும் அளப்பேன். இரண்டில் கடலை மட்டும்தான் நிஜம். எத்தனையோ படை சுற்றி வளைத்தும் அசையாத கோட்டை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். என்னை வளைக்க ஒரு தும்மல் போதுமாக இருந்தது. மகளைப் பார்க்க லட்டோடு ஓடிய நான் வார்டு வாசலிலேயே தும்மித் தொலைத்தேன். நர்ஸம்மா என் நெற்றிக்கு நேராக ஒரு கருவியை நீட்டினார். பிறகு லட்டு அந்தப் பக்கம் போனது, நான் இந்தப் பக்கம் வந்தேன்.

லேப் பெண் ஒரு நீளப் பஞ்சுக் குச்சியை மூக்குக்குள் விட்டாள். அது நேராக மண்டைக்குப் போவதுபோல் இருந்தது.

"யம்மா, மேல ஒண்ணும் கெடைக்காது. காலி எடம்."

"ஆடாம இருங்க பெரியவரே."

குச்சி ஒரு குப்பிக்குள் போனது, குப்பி ஐஸ் பெட்டிக்குள் போனது.

"இன்னா காய்ச்சல்னு நீயே சொல்லிடேன்."

"இங்க மிஷின் இல்ல. பெரிய லேப்லதான் பாக்கணும். இது உங்களுக்கு மட்டும் இல்ல. ஊருக்கு ஊரு இப்படித்தான் அனுப்புறோம். இந்த வருஷம் எந்த ஃப்ளூ சுத்துது, புதுசா ஏதாவது கெளம்பிருக்கான்னு அத வெச்சுத்தான் நாட்டுக்கே தெரியும். தடுப்பூசி கூட அதப் பாத்துத்தான் செய்வாங்க."

ரேஷன் கார்டில் என் பெயரையே தப்பாகத்தான் போட்டிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவனின் சளிக்கு நாடே காத்திருக்கிறதாம். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"பெட்டி எப்போ போவும்?"

"வண்டி வெள்ளிக்கெழமதான். முன்னாடியே பெட்டி நெறஞ்சா அன்னிக்கே போயிடும். இன்னும் ஒரு ஆளுதான் கொறையுது."

அன்று செவ்வாய். வியாழக்கிழமை மகளுக்கு டிஸ்சார்ஜ். சம்பந்தியம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தீர்ப்பு சொல்லிவிட்டார். பிரசவத்துக்காக மூன்று நாளாகச் சிங்கவரத்தில் எங்கள் வீட்டிலேயே தங்கி, என் கடலையைத் தின்று, அதில் உப்பு போதவில்லை என்று சொன்னவர் அவர்.

"வியாழனுக்குள்ள ஒண்ணும் இல்லன்னு ரிசல்ட் வரணும். வரலன்னா புள்ளைய எங்க ஊரு அனந்தபுரத்துக்கு இட்டுனு போயிடுவோம்."

"தலப்பிரசவம். எங்க ஊட்டுக்குத்தான் வரணும் சம்பந்திம்மா."

"ஊட்ட ஒண்ணும் சொல்லல. அதுக்குள்ள நீங்க இருக்கீங்களே, அதான்."

எனக்குத் தெரிந்தது கூவுகிற தொழில் ஒன்றுதான். ஜன்னலில் நின்று, சீட்டு வாங்க வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக் கூவினேன்.

"காய்ச்சலோட இருமல் இருக்கா? வா சார், வாம்மா! ஐஸ் பெட்டியில ஒரே ஒரு சீட்டு!"

ஜனங்கள் நகர்ந்து நின்றார்கள். கோட்டை வாசலில் இளநீர் விற்கும் என் கூட்டாளி மட்டும் எனக்காக மார்பைப் பிடித்துக்கொண்டு இருமியபடி வந்தான். லேப் பெண் அவன் நெற்றியைப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

"கூத்து கட்டாதீங்கண்ணே. பொய் இருமல அனுப்பினா அங்க கணக்கே பொய்யாப் பூடும்."

அவன் போய்விட்டான். நான் கொக்கியைத் தூக்கிப் பார்த்தேன், திரும்ப மாட்டினேன். கோழைக்குப் பூட்டு எதற்கு?

மதியம் ஜன்னலுக்குக் கீழே ஓர் இருமல் கேட்டது. முந்தானையில் அமுக்கிய இருமல். எட்டிப் பார்த்தேன். சம்பந்தியம்மாள், கண் இரண்டும் சிவந்திருந்தன.

"இன்னா சம்பந்திம்மா, இருமலா?"

"பொகை."

"ஆஸ்பத்திரில ஏது பொகை?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரல் இறங்கியது. "கண்டுக்காதீங்க சம்பந்தி. சொன்னா என்னையும் உள்ள தள்ளிடுவாங்க. புள்ளைய ஒருவாட்டிதான் தூக்கினேன். இப்போ மறுபடியும் தூக்கத்தான் போறேன்."

பச்சைப் பிள்ளைக்கு ஆகாதே என்று பதறிக் கத்தினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பாதி அதற்குத்தான். மீதிப் பாதி ஐஸ் பெட்டிக்கு.

"லேப் பாப்பா! ஓடியா! ஆளு கெடச்சுடுச்சு!"

சம்பந்தியம்மாளுக்கு நிஜமாகவே காய்ச்சல் கொதித்தது. பஞ்சுக் குச்சி மூக்குக்குள் இருந்தபோதும் அவர் பார்வை என் மேல்தான் இருந்தது. பெட்டி அன்றே கிளம்பியது. அவரை என் பக்கத்து அறையில் வைத்தார்கள். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு.

புதன் சாயந்திரம் லேப் பெண் முகக்கவசத்தோடு வந்து நின்றாள். "ரெண்டு பேருக்கும் ஃப்ளூதான். ஒரே வகை. மாத்திர ஒழுங்கா போட்டுக்கினு இங்கயே இருங்க."

மகளுக்கும் மருமகனுக்கும் பத்துப் பொருத்தம் பார்த்தபோதுகூட இரண்டு குடும்பமும் இவ்வளவு பொருந்தவில்லை.

மகளுக்கும் என் வீட்டுக்காரிக்கும் காய்ச்சல் இல்லை. அதனால் வியாழக்கிழமை பேத்தி எங்கள் வீட்டுக்குத்தான் போனாள். நான்தான் போகவில்லை. ஆட்டோ ஏறும் முன் மகள் முற்றத்தின் அந்தக் கோடியில் நின்று பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள்.

"நைனா, தெரியுதா?"

"தெரியுது, தெரியுது!"

தெரிந்தது ஒரு துண்டும், அதற்குள் ஒரு துளி மூக்கும்.

ஆட்டோ சத்தம் ஓய்ந்த பிறகு தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"சம்பந்தி, யார்கிட்டேந்து யாருக்கு ஒட்டிச்சுன்னு அந்த லேப்ல சொல்லுவாங்களா?"

"சொல்ல மாட்டாங்களாம். கேட்டுட்டேன்." நான் கேட்கவே இல்லை.

"லேப்பு எதுக்கு? நீங்கதான்."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.