என் தலையில் நுழையாத ஒளி

ஜூலை 15, செவ்வாய். 5.50க்கு எழுந்தேன். பதினொரு பூச்செட்டிகளுக்குத் தண்ணீர். அரைவேக்காட்டு முட்டை இரண்டு, கோப்பி ஒன்று. 8.40க்கு மைத்துனன் ராஜுவுடன் கிளம்பினேன். 9.05க்கு ஈப்போவில் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் இருந்தோம்.

எதற்கு? விரல்களை வேகமாக அசைக்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று அளக்கிறார்களாம். ஊசி இல்லை, வலி இல்லை. தலையில் ஒரு தொப்பி மாட்டுவார்கள். அதிலிருந்து அண்மை அகச்சிவப்பு ஒளி மண்டைக்குள் போய், அங்கே ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பும். ஆய்வு செய்பவள் தேவி, பீடோர் ஊர்ப் பெண்.

முதலில் ஒரு படிவம். ‘தலைமுடிக்குச் சாயம் பூசுவீர்களா?’ ராஜு பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தான். ‘இல்லை’ என்று எழுதினேன்.

ராஜு முழு வழுக்கை. நான்கு விரல்களையும் கட்டைவிரலில் படபடவென்று தட்டினான். திரையில் கோடு மலை மாதிரி எழுந்தது.

அடுத்து நான். தட்டினேன்... வேகமாக... இன்னும் வேகமாக. கோடு படுத்தே கிடந்தது.

“மச்சான், உள்ள ஆளே இல்ல லா!”

தேவி தொப்பியை மூன்று முறை கழற்றி மாட்டினாள். ஒயர்களைப் பிடுங்கிச் சொருகினாள். முகம் வெளுத்துவிட்டது.

“மெஷின்தான் கெட்டுப்போச்சு போல, அங்கிள். வெளிய ஆறு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. எல்லாரையும் திருப்பி அனுப்பணும். இந்த மெஷின் மறுபடி எனக்கு எப்ப கிடைக்குமோ...”

மழை ஆரம்பித்த நிமிடத்தைக்கூடச் சரியாகக் குறித்து வைக்கிறவன் நான். ஒரு பெண்ணின் ஆராய்ச்சியையே கவிழ்த்துவிட்டு எப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது?

“மெஷின் நல்லாத்தான் இருக்கும்மா. நேத்து சாயந்தரம்தான்... கறுப்பு அடிச்சேன்.”

பிறகு ராஜு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். “எங்க பரம்பரையில யாருக்கும் நரைக்காதுன்னு பத்து வருஷமா கதை விட்டியே மச்சான்!”

தேவிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. “கறுப்பு முடியே ஒளியைக் குடிச்சிரும், அங்கிள். சாயம் வேற ஏத்தினா கேக்கவே வேணாம். நரைச்ச தலைன்னா நல்லா தெரிஞ்சிருக்கும். சாயம் போனதும் வாங்க.”

வயதை மறைக்கப் பூசியது மூளையையும் சேர்த்து மறைத்துவிட்டது. நம்மில் எத்தனை பேர் அந்தப் படிவத்தில் உண்மையை எழுதுவோம், சொல்லுங்கள்?

மறுநாள் காலை முதல் வேலையாக முடிவெட்டும் கடைக்குப் போய், மொட்டை அடிக்கச் சொன்னேன்.

“என்ன வேண்டுதல், அண்ணே?”

“மூளை தெரியணும்னு!”